பொதுமக்களுக்கு அனுமதி உண்டு

வூஸ்டர்
20 பிப்ரவரி 1984

மதிப்புக்குரிய திருமதி கொரின் லேத்பரி அவர்களுக்கு,

ஆர்ன்கோட் வீட்டில் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டெஸ்மண்டை நேற்று தூரத்திலிருந்து பார்த்தேன். ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறார். எனக்கு முழங்கால் வலி. நீங்கள் விசாரிக்க மாட்டீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டு வாசலில் மஞ்சள் பலகை தொங்கியது. 'தோட்டம் திறந்திருக்கிறது, பொதுமக்களுக்கு அனுமதி உண்டு' என்று எழுதியிருந்தது. விவாகரத்துத் தீர்ப்பு என்னை உங்கள் கணவர் டெஸ்மண்டின் மனைவி என்ற இடத்திலிருந்துதான் நீக்கியது. பொதுமக்களில் ஒருத்தி என்ற இடத்திலிருந்து நீக்கவில்லை. ஆகவே சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

இருபத்தாறு ஆண்டுகள் நான் மண் கிளறிய தோட்டம் அது. பெரிய மரங்களின் அடியில் பனித்துளிப் பூக்களைப் பார்த்தேன். நான் போன பிறகு ஒருவரும் அவற்றைப் பிரித்து நடவில்லை என்று தெரிகிறது. பூ முடிந்ததும், இலை பச்சையாக இருக்கும்போதே, தோண்டிப் பிரிக்க வேண்டும். இப்போது ஒன்றின் கழுத்தை ஒன்று நெரித்துக்கொண்டு நிற்கின்றன. குடும்பங்களில் அது சகஜம். பூக்களில் கூடாது.

புதர்வேலியைப் பிடுங்கிவிட்டு ஜல்லி கொட்டியிருக்கிறீர்கள். இனி தண்டவாளம் போட வேண்டியதுதான் பாக்கி.

தேநீர் சூடாக இருந்தது. அதில் குறை இல்லை.

இப்படிக்கு,
ஈனிட் லேத்பரி
(இந்தப் பெயரை உங்களுக்கு முன்னால் சுமந்தவள்)


ஆர்ன்கோட், ஷ்ரோப்ஷயர்
27 பிப்ரவரி 1984

திருமதி ஈனிட் லேத்பரிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் கடிதம் வரும்வரை இன்னும் நலமாக இருந்தோம். முழங்காலுக்கு ஓய்வு நல்லது என்பார்கள். இரண்டு பேருந்து மாறி இவ்வளவு தூரம் வருவது நல்லதல்ல.

ஜல்லி உங்களுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு உங்கள் வேலி பிடிக்கவில்லை. மூன்றடி உயரத்தில் ஒரு சிறைச்சுவர். அதைப் பிடுங்கிய அன்று டெஸ்மண்டே மண்வெட்டி எடுத்து வந்தார். அவர் வேறு எதற்காகவும் மண்வெட்டி தொட்டு நான் பார்த்ததில்லை.

தேநீரைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அதை ஊற்றிக் கொடுத்தது யார் என்று எழுதவில்லை. உங்கள் மகள் பிரிஜெட். நீங்கள் அந்த மேஜைக்கு மூன்று தடவை போனீர்கள். மூன்று தடவையும் அவள், "சர்க்கரை போடட்டுமாங்க?" என்று எல்லோரிடமும் கேட்பது போலத்தான் கேட்டாள். நான் கூடாரத்தின் மறுபக்கம் கேக் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு, "இன்னிக்கு யாரு வந்திருந்தா, பார்த்தியா?" என்றேன்.

"முந்நூறு பேர் வந்தாங்க" என்றாள்.

நான் தேவாலயத்தில் இருப்பேன் என்ற ஒரே காரணத்துக்காகச் சொந்த மகளின் கல்யாணத்துக்கே வராமல் இருந்தவர் நீங்கள். அன்றிலிருந்து அவள் உங்களோடு பேசுவதில்லை. அவள் கணவன் ராபின் வடகடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்க்கிறான். மாதக்கணக்கில் வீட்டுக்கு வருவதில்லை. அதனால் அவள் எங்களோடு இருக்கிறாள். நிம்மதியாகவும் இருக்கிறாள். பூப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால், பூவைப் பாருங்கள்.

கொரின் லேத்பரி


வூஸ்டர்
8 மே 1984

மதிப்புக்குரிய திருமதி கொரின் அவர்களுக்கு,

உங்கள் அறிவுரைப்படியே பூவைத்தான் பார்த்தேன். இம்முறை எங்கள் தோட்டக் கழகத்தாரோடு பேருந்தில் வந்ததால் முழங்காலுக்குச் சேதமில்லை. வாசலில் சீட்டுக் கொடுக்கும் கர்னல் பிளண்டெல் என் முகத்தைத் தொப்பிக்குக் கீழே குனிந்து பார்த்தார். "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?" என்றார். அவருடைய மனைவிக்கு நாற்றுக் கொடுத்தே என் கை தேய்ந்தது. இப்போது நான் எங்கேயோ பார்த்த மாதிரி!

துலிப் பூக்களைச் சிவப்பு ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை என்று நட்டிருக்கிறீர்கள். அணிவகுப்புக்கு இன்னும் வாத்தியம் மட்டும் வைக்கவில்லை. பியோனிச் செடிகளுக்கு முட்டுக்கொடுக்க இன்றைக்கே ஆள் போடுங்கள். பூ விரிந்த பிறகு கொடுத்தால் தலை கவிழ்ந்த பிணத்தைத் தூக்கி நிறுத்துவது போல இருக்கும்.

இன்னொன்று. பிரிஜெட்டை அந்தப் பெரிய வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்க விடாதீர்கள். முட்டை வைத்த ரொட்டித் தட்டு பக்கத்தில் வந்தபோதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லையா? காய்ந்த இஞ்சி பிஸ்கட்டை மட்டும் கொறித்துக்கொண்டு, மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். அவளைச் சுமந்தபோது நானும் அப்படித்தான் நின்றேன். அவள் இருக்கிற நிலையில் பாரம் ஆகாது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். சொல்ல மாட்டீர்கள்.

ஈனிட் லேத்பரி


ஆர்ன்கோட்
14 மே 1984

திருமதி ஈனிட் லேத்பரிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

உங்கள் கடிதம் காலைச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் டெஸ்மண்ட் சிரித்துக்கொண்டே, "வந்துடுச்சு பாரு, வசந்தகால வசவு! நான் படிக்கிறேன், எல்லாரும் கேளுங்க" என்று பிரித்தார். துலிப் பற்றிப் படித்தபோது எல்லோரும் சிரித்தோம். பிரிஜெட்டும் சிரித்தாள். அடுத்த பத்தியையும் அவர் அதே குரலில் படித்துக்கொண்டே போனார். "அவள் இருக்கிற நிலையில்" என்ற இடத்தில் வந்துதான் நிறுத்தினார்.

அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எங்களிடம் இல்லை, ராபினிடமும் இல்லை. கையில் இருந்த கத்தியைத் தட்டின் மேல் மெல்ல வைத்துவிட்டு எழுந்து போனாள். கதவைச் சாத்தும் சத்தம்கூட வரவில்லை. இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

கண் நன்றாகத் தெரிகிறது உங்களுக்கு. வாயை எப்போது மூட வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை.

கொரின் லேத்பரி


ஆர்ன்கோட்
17 மே 1984

திருமதி ஈனிட் லேத்பரி அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இது எனக்கு மூன்றாவது முறை. முதல் இரண்டும் தங்கவில்லை. உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றவள் நான்தான். இந்த முறை ராபினிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். கடலுக்கு நடுவே, ஒரு தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மறுபடியும் நிற்கக் கூடாது என்பதற்காக. அந்த ஒன்றையாவது நானே, என் இஷ்டப்படி, சொல்ல நினைத்தேன். அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

ஜூனில் ரோஜாவுக்காகத் தோட்டம் திறக்கும். நீங்கள் வர வேண்டாம். பொதுமக்களில் ஒருவராகவும் வர வேண்டாம்.

பிரிஜெட்


ஆர்ன்கோட்
2 ஜூலை 1984

திருமதி ஈனிட் லேத்பரிக்கு,

சுகம்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிறு தோட்டம் திறந்தோம். நீங்கள் வரவில்லை. கர்னல் பிளண்டெல் ஒவ்வொரு தொப்பிக்குக் கீழும் குனிந்து பார்த்து ஏமாந்தார். பேரி மரத்தில் ஏறிய வெள்ளை ரோஜாவைப் பார்க்க ஒரே கூட்டம். அதை நட்டது யார் என்று கேட்டவர்களிடம், 'முன்பு இங்கே இருந்தவர்' என்றேன். பொய் சொல்லவில்லை.

சுவரோர ரோஜாச் செடிகளில் கரும்புள்ளி நோய் விழுந்திருக்கிறது. அதைப் பற்றி நாலு பக்கம் எழுத உங்களுக்கு ஆசையாக இருக்கும். எழுதலாம். நான் தடுக்கவில்லை.

தேநீர் மேஜையை இம்முறை பாதிரியாரின் மனைவி பார்த்துக்கொண்டார். சாயம் போல இருந்தது என்று எல்லோரும் குறை சொன்னார்கள்.

கொரின் லேத்பரி


வூஸ்டர்
4 ஜூலை 1984

கொரின்,

கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எரியுங்கள்.

தேநீர் மேஜையில் பிரிஜெட் ஏன் இல்லை? அவள் எங்கே இருக்கிறாள்? உடனே பதில் எழுதவும்.

ஈனிட்


ஆர்ன்கோட்
11 செப்டம்பர் 1984

திருமதி ஈனிட் லேத்பரிக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஒன்றுக்கும் பதில் எழுதாததற்கு நான் வருத்தப்படவில்லை. எழுதச் சொன்னால்தானே எழுதுவேன்? எழுதக் கூடாது என்று பிரிஜெட் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஜூலையில் தேநீரைப் பற்றி எழுதியதே சத்தியத்தை உடைத்ததில் பாதி. இன்று மீதியையும் உடைக்கிறேன். உங்களுக்காக அல்ல.

ஜூனில் அவளுக்கு ரத்தப்போக்கு வந்தது. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தாள். குழந்தை தங்கிவிட்டது. ஆனால் பிரசவம்வரை படுக்கையைவிட்டு இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கிழக்குப் பக்கம் கீழ் அறையில் படுத்திருக்கிறாள். நாள் முழுக்கத் தானாக யாரிடமும் பேசுவதில்லை. டெஸ்மண்ட் அறை வாசலில் நின்று வானிலை சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார். நான் உள்ளே போனால் மரியாதையாகப் பேசுகிறாள். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என்னோடு அவளால் சண்டை போட முடியாது. நான் அதற்கு உரிய ஆள் இல்லை.

"உங்க அம்மாவுக்கு எழுதட்டுமா?" என்று போன வாரம் கேட்டேன்.

"அவங்க இந்த வாசப்படி ஏறினா நான் எழுந்து போயிடுவேன்" என்றாள்.

எழுந்து போகக் கூடாது. ஆகவே நீங்கள் வாசற்படி ஏற முடியாது. இது தீர்மானம்.

அக்டோபர் 14, ஞாயிறு, இலையுதிர்காலத்துக்காகத் தோட்டம் திறக்கிறோம். இந்த ஆண்டு நடைபாதையைக் கிழக்குச் சுவரை ஒட்டி, அந்த ஜன்னலுக்கு அடியில் திருப்பிவிட்டிருக்கிறேன். சீட்டு வாங்கிய எவரும் அந்த வழியாக நடக்கலாம். பொதுமக்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

கொரின் லேத்பரி


ஆர்ன்கோட்
17 அக்டோபர் 1984

திருமதி ஈனிட் லேத்பரிக்கு,

பேருந்து கிடைத்து, பத்திரமாக வீடு சேர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் நடக்கத்தான் வழி விட்டேன். தோட்டத்தை நாடக மேடையாக்க அல்ல. என் புகாரை எழுத்தில் வைக்கிறேன்.

மதியம் கர்னல் பிளண்டெல் மூச்சிரைக்க என்னிடம் ஓடிவந்தார். "மேடம், கிழக்குச் சுவருகிட்ட ஒரு பொம்பளை கைப்பையிலேர்ந்து கத்தரியை எடுத்து ரோஜாக் கொடியை வெட்டித் தள்ளுறா! என்னம்மா இதுன்னு கேட்டா, 'கொடி ஜன்னலை மூடுது, உள்ளே வெளிச்சம் போகலை'ங்கிறா. திருடின்னா குச்சியைப் பைக்குள்ள ஒளிப்பா. இவ வெட்டி வெட்டித் தரையில போடுறா! எந்தக் குத்தத்துல இவளைப் பிடிக்கிறது?"

நான் போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் திறந்திருந்தது. பிரிஜெட் தலையணையில் சாய்ந்து, முழங்கையை விளிம்பில் ஊன்றியிருந்தாள். முகம் சிவந்திருந்தது. நான்கு மாதத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு நிறத்தை நான் பார்க்கவில்லை.

"அம்மா! அந்தச் செடியை விடு! எங்க போனாலும் எதையாவது வெட்டாம உன்னால இருக்க முடியாதா?"

"செத்த கிளைடி இது. விட்டுவெச்சா நல்லதையும் சேர்த்துக் கெடுக்கும்."

"நீ வெட்டினதெல்லாம் செத்ததுதானா? நான் செத்தா போயிருந்தேன்?"

உங்கள் கத்தரி நிற்கவில்லை.

"கல்யாணத்தன்னிக்கு வாசலையே பார்த்துக்கிட்டு நின்னேன். பாதிரியார் ரெண்டு தரம் கேட்டார், ஆரம்பிக்கலாமான்னு. இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னேன். ராபினோட அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே!"

"முன் வரிசையில கொரின் உக்காருவான்னு சொன்னாங்க. நான் எங்க உக்காரணும்னு யாருமே சொல்லலை."

"கேட்டியா? ஒரு வார்த்தை, என்கிட்ட, கேட்டியா?"

"கேக்கலை."

"ரெண்டு தரம் ஆஸ்பத்திரியில கிடந்தேன். நீ எங்க இருந்தே?"

"தெரிஞ்சிருந்தா இந்த ஜன்னலை உடைச்சுக்கிட்டு வந்திருப்பேன்."

"கதவுன்னு ஒண்ணு இருக்கும்மா! மனுஷங்க கதவு வழியாத்தான் வருவாங்க!"

இது சின்ன மாதிரி மட்டுமே. முழுவதையும் எழுத எனக்குத் தெம்பில்லை. பாட்டி காலத்துத் தட்டுகள் யாருக்குப் போக வேண்டும் என்பதிலிருந்து அவள் பத்து வயதில் நீங்கள் கொன்ற முயல்வரை எல்லாம் வெளியே வந்தது. நடைபாதையில் கூட்டம் நின்றுவிட்டது. யாருக்கும் நகர மனமில்லை. கையில் தேநீர்க் கோப்பையோடு, மேப்பிள் மரத்தின் இலைகளைப் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பர்மிங்ஹாமிலிருந்து வந்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்து, "அடுத்த வருஷமும் இது உண்டா?" என்று கேட்டார்.

தோட்டம் மூடும் மணி அடித்ததும் நீங்கள் கத்தரியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிரிஜெட் அன்று சாயங்காலம் இரண்டு தட்டு சூப்புக் குடித்தாள். "சூப்புல உப்பே இல்ல" என்று என்னிடம் சத்தம் போட்டாள். நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

கொடியை மிக மோசமாக வெட்டியிருக்கிறீர்கள்.

கொரின் லேத்பரி


வூஸ்டர்
22 அக்டோபர் 1984

மதிப்புக்குரிய திருமதி கொரின் அவர்களுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தொண்டை மட்டும் கட்டிவிட்டது. காரணம் உங்களுக்குத் தெரியும்.

கொடியை நான் மோசமாக வெட்டவில்லை. ஆறு ஆண்டு சோம்பேறித்தனத்தை ஒரே மதியத்தில் சரிசெய்ய வேண்டியிருந்தது. முயல் தானாகச் செத்தது. அதையும் அவளிடம் சொல்லவும்.

கதவு திறந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். திறந்திருந்ததைப் பார்த்தேன். வா என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்வது உங்கள் வழக்கம். என் வழக்கம் அல்ல.

குளிர் தொடங்கிவிட்டது. அந்த அறை ஜன்னலின் இடது சட்டம் சரியாகச் சாத்தாது. கீழே துணி சுருட்டி வைக்கவும்.

ஈனிட் லேத்பரி


ஷ்ரூஸ்பரி, மருத்துவமனை
20 நவம்பர் 1984

அம்மா,

எப்படி இருக்கிறாய்? நான் பரவாயில்லை. தையல் இழுக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிறந்தாள். ஒரு மாதம் முன்னதாகவே. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். என் முழங்கை நீளம்தான் இருக்கிறாள். ஆனால் கத்துகிறாள். தாதி ஒருத்தி, "இந்த வார்டிலேயே கோபக்காரி இதுதான்" என்றாள். ராபின் ஹெலிகாப்டரில் வந்து சேர்ந்தார். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

உன்மேல் இருக்கிற கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. கல்யாணத்தைப் பற்றி நான் பேச வேண்டியது இன்னும் பாதி இருக்கிறது. முயலைப் பற்றியும்.

ஆனால் இங்கே என் ஜன்னல் மூன்றாவது மாடியில் இருக்கிறது. நீ கீழே நின்று கத்தினால் கேட்காது. உள்ளேதான் வர வேண்டும்.

குழந்தையைச் செவ்வாய்க்கிழமைகளில் பார்க்க விடுகிறார்கள். வா.

பிரிஜெட்


வூஸ்டர்
28 நவம்பர் 1984

மதிப்புக்குரிய திருமதி கொரின் அவர்களுக்கு,

நேற்றுதான் பார்த்தோம் என்பதால் சுகமா என்று கேட்கவில்லை. இளைத்திருக்கிறீர்கள். ஆறு மாதம் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டால் யாரும் இளைப்பார்கள். டெஸ்மண்ட் மட்டும் இளைக்க மாட்டார்.

நேற்று நடந்ததைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் தாதி வார்டுக் கதவை மறித்துக்கொண்டு, "அம்மா அப்பா போக ஒருத்தர்தான் குழந்தைகிட்ட வரலாம். பாட்டி யாரு?" என்று கேட்டாள். நானும் நீங்களும் ஒரே நேரத்தில் "நான்" என்றோம். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒருத்தர் வெளியே இருங்க. யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள்.

நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. உங்களைக் குறித்து இத்தனை வருடம் சேர்த்துவைத்த அத்தனை வார்த்தையும் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதற்குள் நீங்கள் உங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துப் பக்கம் நடந்துவிட்டீர்கள்.

உள்ளே போனேன். பிரிஜெட் என்னைப் பார்த்ததும், "மழையில நனைஞ்சுட்டு வந்திருக்கியா? அந்தக் கோட்டோட குழந்தைகிட்ட போகாதே" என்றாள். கழற்றினேன். பெட்டியின் ஓரத்துத் துளை வழியாகக் கையை விடச் சொன்னார்கள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றேன். முழங்கால் வலித்ததா என்று எனக்கு நினைவில்லை.

நடுவில் ஒரு தடவை கதவுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். நீங்கள் தாழ்வாரத்துப் பெஞ்சில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தீர்கள். போகிற வருகிற ஒவ்வொரு தாதியின் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். குழந்தை பிறந்ததிலிருந்து பிரிஜெட்டுக்குத் துணையாகத் தினமும் வருகிறீர்கள் என்றும், இதுவரை ஒரு தடவைகூட அவளைத் தொட்டதில்லை என்றும் ராபின் சொன்னான். "உங்க அம்மா வந்து முதல்ல தொடட்டும்" என்று பிரிஜெட்டிடம் நீங்கள்தான் சொன்னீர்களாம்.

என் வீட்டை எடுத்துக்கொண்டீர்கள். என் வேலியைப் பிடுங்கினீர்கள். அவற்றை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை. இதற்கு நன்றி சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வராததைச் சொல்லிப் பழக்கமில்லை.

இந்த வாரம் சனிக்கிழமையும் பார்வை நேரம் உண்டு என்று தாதி சொன்னாள். வருகிறேன். நான் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் உள்ளே போங்கள்.

ஈனிட்